ஒரே அளவு, இரண்டு ஏ.டி. டயர்: நாலுவழிச் சாலை, தேரி, கரிசல்

மச்சினன் வண்டியும் என் வண்டியும் ஒரே மாடல் மஹிந்திரா தார், 2020 அக்டோபரில் வந்த புதுத் தலைமுறை. இரண்டிலும் 16 இஞ்ச் இரும்பு ரிம், டயர் அளவு 245/75 ஆர்16. கம்பெனியில் இருந்து வந்த டயர் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் தேய்ந்தது. நான் ஒரு வகை ஏ.டி. டயர் (ஆல் டெரெய்ன், ரோட்டுக்கும் மண்ணுக்கும் பொதுவானது) போட்டேன், அவன் இன்னொரு வகை போட்டான். அப்புறம் வெயில் காலம், ஆடிக் காற்று, ஐப்பசி மழை என்று எல்லாவற்றிலும் சக்கரங்களை ரிம்மோடு கழற்றி, வண்டிக்கு வண்டி மாற்றிப் போட்டு ஓட்டிப் பார்த்தோம். எந்த செட் யாரிடம் இருக்க வேண்டும் என்பது இப்போது முடிவாகிவிட்டது. கணக்கு நினைவில் இருக்கும்போதே எழுதிவைக்கிறேன்.

எனக்குத் தொழில் சொட்டுநீர்ப் பாசனமும் மோட்டார் பம்பும். கோவில்பட்டியில் இருந்து கிளம்பினால் பாதி நாள் நாலுவழிச் சாலை, மீதி நாள் தோட்டத்து வண்டிப்பாதை. எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் போனால் கரிசல். சாத்தான்குளம், உடன்குடி பக்கத்து முருங்கைத் தோட்டங்களுக்குப் போனால் தேரி என்கிற சிவப்பு மணல். பைப்பெல்லாம் லோடு வண்டியில் முன்னால் போய்விடும். என் வண்டியில் ஏறுவது கருவிப்பெட்டி, பில்டர், வால்வு, கூட ஒரு ஆள். மச்சினனுக்குக் கயத்தாறு பக்கம் காற்றாலைப் பராமரிப்பு. அவன் போகிற பாதை முழுக்க உடைகல் சரளை, இரண்டு ஓரமும் சீமைக்கருவேல். வண்டியிலும் எப்போதும் கனம்: சங்கிலி, செயின் பிளாக், ஆயில் கேன், மூன்று ஆள்.

கடையில் ஏ.டி. டயர் என்று கேட்டால் பட்டனை, அதாவது தரையைத் தொடும் ரப்பர் கட்டிகளைத்தான் காட்டுவார்கள். பட்டன் எவ்வளவு ஆழம், தோள்பக்கம் எவ்வளவு முரட்டுத்தனம் என்று பார்த்து நாமும் மயங்கிவிடுவோம். நான் முதலில் படிக்கச் சொல்வது டயரின் சைடில் எழுதியிருப்பதை. என் டயரில் இருந்தது 245/75 ஆர்16 111எஸ். அவன் டயரில் முன்னால் எல்.டி. (லைட் டிரக், சிறு லாரிக்கான கட்டு) என்று இரண்டு எழுத்து கூடுதல், பின்னால் 120/116எஸ், பக்கத்தில் லோடு ரேஞ்ச் ஈ. 111 என்றால் ஒரு டயர் 1090 கிலோ தாங்கும். 120 என்றால் ஏறக்குறைய 1400 கிலோ. எஸ் இரண்டுக்கும் பொது, மணிக்கு 180 கிலோமீட்டர் வரை. லோடு ரேஞ்ச் ஈ என்பது பழைய கணக்கில் பத்து பிளை பலம். உள்ளே நிஜமாகவே பத்து அடுக்கு இருக்காது, அந்தப் பலத்துக்குக் கட்டியிருக்கிறார்கள் என்று பொருள். இரண்டு டயரின் பட்டனும் தூரத்தில் இருந்து பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். வித்தியாசம் முழுக்க உள்கட்டில் இருக்கிறது.

டயர் கம்பெனிப் பெயரை நான் எழுதாமல் விடுவதற்கும் இதுவே காரணம். யோகோஹாமாவின் ஜியோலாண்டர் ஜி015 மாதிரி ஒரே பேட்டர்ன் பெயரில் சாதாரணக் கட்டும் எல்.டி. கட்டும் வருகின்றன. பி.எப்.குட்ரிச் கே.ஓ.2 இந்த அளவில் எல்.டி.தான். பெயரை மட்டும் கேட்டு வாங்கினால் எது கைக்கு வரும் என்பது கடையின் இருப்பைப் பொறுத்தது. 2020 ஜூனில் மத்திய அரசு டயர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்த பிறகு, வெளிநாட்டு எல்.டி. டயர் எப்போது கிடைக்கும் என்று கடைக்காரராலேயே உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மச்சினனுக்கு ஐந்து டயரும் வந்து சேரக் காத்திருக்க வேண்டியிருந்தது. காத்திருந்து வாங்கும்போது தேதியைப் பார்க்காமல் விடக் கூடாது. சைடில் டி.ஓ.டி. வரிசையின் கடைசி நாலு எண், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 3223 என்றால் 2023இன் 32ஆவது வாரம். சில டயரில் இந்த எண் ஒரு பக்கம் மட்டும் இருக்கும், உள்பக்கம் திரும்பி மாட்டிவிட்டால் வண்டிக்கு அடியில் படுத்துத்தான் பார்க்க வேண்டும். மாட்டுவதற்கு முன்பே பார்த்து போட்டோ எடுத்துவைத்துக்கொண்டோம். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அப்போதே பார்த்தாயிற்று.

விலை: எனக்கு ஒரு டயர் 11,800, ஸ்டெப்னியோடு ஐந்துக்கு 59,000. அவனுக்கு ஒன்று 19,500, ஐந்துக்கு 97,500. டயர் ஜி.எஸ்.டி. 28 சதவீதத்தில் இருந்து 18 ஆனது 2025 செப்டம்பர் 22இல். நாங்கள் வாங்கியது அதற்கு முன். இப்போது வாங்குகிறவர்கள் இந்த வித்தியாசத்தைக் கழித்துக்கொள்ளலாம். இரண்டு பேருமே ஐந்து டயர் வாங்கினோம். பழைய ரோட்டு டயரை ஸ்டெப்னியாக விட்டுவிட்டு நாலு மட்டும் புதிதாகப் போடுகிறவர்கள் நிறைய. 4எச் (நாலு சக்கரத்துக்கும் இழுவை தரும் கியர்) போட்டு ஓட்டுகிற வண்டியில் ஒரு சக்கரம் மட்டும் சுற்றளவில் மாறினால் முன் பின் கியருக்கு இடையே இழுபறி வரும், அதனால் எனக்கு அது சரிப்படவில்லை.

மாட்டுவதற்கு முன் பழைய இரும்புக் கடைத் தொங்கு தராசில் டயரை மட்டும் நிறுத்தோம். என்னுடையது 16 கிலோ. அவனுடையது 21 கிலோ. ஒரு டயருக்கு ஐந்து கிலோ, ஐந்துக்கு 25 கிலோ. அதில் 20 கிலோ சுற்றுகிற கனம், ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்குகிற கனம். பின்னால் வரப்போகிற பல விஷயத்துக்கு இந்த ஐந்து கிலோதான் காரணம். பேலன்சிங்கிலும் அவன் சக்கரத்துக்கு ஈயக்கட்டி அதிகம் பிடித்தது. கடையில் காற்றுத் துப்பாக்கியால் நட்டை முறுக்கிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் தளர்த்தி, டார்க் ரெஞ்சில் வண்டிப் புத்தகத்தில் சொன்ன அளவுக்கு மறுபடி இறுக்கினேன். நூறு கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு முறை.

முதல் கட்ட ஒப்பீட்டை இரண்டு செட்டிலும் காலையில் டயர் ஆறியிருக்கும்போது 32 பி.எஸ்.ஐ. காற்று வைத்துத் தொடங்கினோம். நாலுவழிச் சாலையில் என் வண்டியிலேயே இரண்டையும் அடுத்தடுத்து மாட்டி, 80, 90 வேகத்தில். சாதாரண செட்டில் ஸ்டீயரிங் லேசு, சாலைப் பாலங்களின் இணைப்பில் ஒரு மெல்லிய தட்டு மட்டும். எல்.டி. செட்டில் அதே இணைப்பில் பின்பக்கம் துள்ளியது, நேர்ப்போக்கு மட்டும் நன்றாக இருந்தது. சத்தத்தில் பெரிய வேறுபாடு இல்லை. புதிதில் ஏ.டி. டயர் எதுவுமே அவ்வளவு இரைவதில்லை. பட்டன் ஓரங்கள் ஏறுமாறாகத் தேய்ந்த பிறகுதான் அந்த ரீங்காரம் தொடங்கும். இந்தக் கட்டத்தில் எங்கள் குறிப்பு "எல்.டி. கொஞ்சம் முரடு, மற்றபடி ஒன்றுதான்" என்ற அளவில் நின்றது. பிற்பாடு அந்தக் குறிப்பையே தள்ளிவிட வேண்டியதாயிற்று, ஏனென்றால் இரண்டிலும் ஒரே காற்று வைத்தது ஒப்பீடே இல்லை.

அதைக் காட்டிக்கொடுத்தது சாக்பீஸ். டயரின் பட்டன் மேல் இந்தத் தோளில் இருந்து அந்தத் தோள் வரை குறுக்கே அகலமாக ஒரு கோடு போட வேண்டும். தட்டையான தார் ரோட்டில், ஸ்டீயரிங்கைத் திருப்பாமல், சக்கரம் பல சுற்று சுற்றும் அளவுக்கு நேராக உருட்ட வேண்டும். அப்புறம் இறங்கிப் பார்த்தால், கோடு எங்கே அழிந்திருக்கிறதோ அங்கே டயர் தரையைத் தொடுகிறது. ஒரே சீராக அழிந்தால் காற்று சரி. நடுவில் மட்டும் அழிந்தால் காற்று கூடுதல். இரண்டு தோளும் அழிந்து நடுவில் வெள்ளை நின்றால் காற்று குறைவு. என் வண்டியில் சாதாரண டயர் 32க்குச் சீராக அழிந்தது, 36 வைத்தால் நடு முதலில் போனது. மச்சினன் வண்டியில், அவன் வழக்கமான பாரத்தோடு, எல்.டி. டயர் 32க்கு நடுவில் இரண்டு விரல் அகலம் வெள்ளையாக நின்றது. 38க்கு வந்த பிறகுதான் கோடு முழுக்கப் போனது. சாக்பீஸ் வெள்ளையை விட மஞ்சள் நன்றாகத் தெரிகிறது. ஈரத் தாரில் செய்தால் தண்ணீரே கோட்டை அழித்துவிடும், காய்ந்த ரோடு வேண்டும்.

காரணத்தை டயர் லோடு அட்டவணையில் தேடினேன். இந்த அளவு எல்.டி. டயர் 80 பி.எஸ்.ஐ. வைத்தால்தான் அந்த 1400 கிலோவை நெருங்கும். 50இல் சுமார் 1000 கிலோ. 35இல் சுமார் 770 கிலோதான். சாதாரண 111 டயரோ 36இலேயே 1090 கிலோ தாங்குகிறது. பலசாலி என்று நினைத்து வாங்கிய டயர், நாம் வழக்கமாக வைக்கிற காற்றில் சாதாரண டயரை விடக் குறைவாகத் தாங்குகிறது. எல்.டி. வாங்குகிற யாருக்கும் கடையில் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை. உடனே எடைமேடைக்குப் போய் பின் ஆக்சிலை மட்டும் நிறுத்தினோம். என் வண்டி கருவியும் இரண்டு ஆளுமாகப் பின்னால் 1,040 கிலோ, ஒரு டயருக்கு 520. மச்சினன் வண்டி 1,200ஐத் தொட்டது, ஒரு டயருக்கு 600. இரண்டுமே எல்லைக்குள்தான். ஆனால் அவனுக்கு 32இல் மிச்சம் குறைவு. மே மாத வெயிலில், நூறு வேகத்தில், டயர் சைடு மடிந்து மடிந்து சூடேறும்போது அந்த மிச்சம்தான் டயரைக் காப்பாற்றும். அன்றில் இருந்து ரோட்டில் சாதாரண செட்டுக்கு 32, எல்.டி. செட்டுக்கு 38 என்று வைத்துக்கொண்டோம்.

38இல் எல்.டி. செட்டின் உண்மைக் குணம் தெரிந்தது. என் வண்டியில், என் குறைந்த பாரத்தோடு, வேகத்தடை ஏறி இறங்கினால் கருவிப்பெட்டி மூடி திறந்துகொள்ளும். கழுகுமலை ரோட்டில் ஒட்டுப்போட்ட இடங்களில் இடுப்புக்கு வேலை. அதே செட் மச்சினன் வண்டியில் பாரத்தோடு அமைதியாக ஓடியது. டீசலை டேங்க் நிரப்பி டேங்க் நிரப்பிக் கணக்குப் பார்த்ததில், என் வண்டியில் எல்.டி. செட்டுக்கு லிட்டருக்கு ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக இறங்கியது. நின்று கிளம்பும் டவுன் ஓட்டத்தில் இழப்பு அதிகம், நாலுவழியில் குறைவு.

மழை பிடித்ததும் பிரேக் பார்த்தோம். ஓடுகிற சாலையில் இதைச் செய்யக் கூடாது. ஊருக்கு வெளியே பிளாட் போட்டு, தார் ரோடு போட்டு, வீடே இல்லாமல் கிடக்கும் லேஅவுட் எல்லா ஊரிலும் இருக்கிறது. அனுமதி கேட்டுக்கொண்டு, இரண்டு முனையிலும் ஆள் நிறுத்தி, ஈரத் தாரில் 50 வேகத்தில் இருந்து முழு பிரேக். தொடங்கும் இடத்தில் சுண்ணாம்புக் கோடு, நின்ற இடம் வரை டேப். சாதாரண செட் 15 மீட்டரை ஒட்டி நின்றது. எல்.டி. செட் 17 மீட்டரை ஒட்டி. 38இல் இருந்து 34க்கு இறக்கியும் பெரிதாக மாறவில்லை. இரண்டு மீட்டர் என்பது பாதி கார் நீளம். பள்ளிக்கூட வாசலில் பிள்ளை குறுக்கே ஓடி வருகிற நேரத்தில் அது சின்ன அளவு இல்லை. தினமும் டவுனுக்குள் ஓட்டுகிறவர் டயர் வாங்கும்போது முதலில் கேட்க வேண்டியது ஈரத்தில் பிரேக் எப்படி என்று. பட்டன் சிறு வெட்டுகளோடு, ரப்பர் கொஞ்சம் மெத்தென்று இருப்பதைத் தேடுங்கள். சைடில் மூன்று சிகர மலைக்குள் பனிப்பூ வரைந்த குறி இருக்கும் டயருக்குக் கூடுதல் பணம் கேட்டால், அது பனியில் இழுவைச் சோதனை தேறியதற்கான அடையாளம். திருநெல்வேலிச் சீமையில் அதற்கு வேலை இல்லை.

இனி தேரி. குதிரைமொழித் தேரியை ஒட்டிய தோட்டங்கள்தான் என் வாடிக்கை. தேரிக் காட்டுக்குள் நான் வண்டியை விடுவதில்லை, அது வனத்துறை இடம். தோட்டத்துக்குப் போகும் பாதையே போதும். அந்தச் சிவப்பு மணல் ஆற்று மணல் போல நறநறவென்று இருக்காது. பொடி. இரும்புத் துரு ஏறிய நிறம். கால் வைத்தால் கணுக்கால் வரை இறங்கும், இழுத்தால் பள்ளம் தானாக மூடிக்கொள்ளும். ஆடிக் காற்றில் பாதையே இடம் மாறிவிடும், போன வாரம் போன தடம் இந்த வாரம் இருக்காது.

இங்கே ரோட்டுக் காற்றோடு நுழைந்தால் இரண்டு செட்டும் ஒன்றுதான். ஐம்பது அடி போவதற்குள் முன்சக்கரம் மணலைத் தள்ளிக்கொண்டு நிற்கும், ஆக்சிலேட்டரை மிதித்தால் பின்சக்கரம் குழி தோண்டும். ஆழமான பட்டன் இங்கே உதவுவதில்லை, மண்வெட்டி மாதிரி இன்னும் வேகமாகத் தோண்டத்தான் செய்கிறது. மணலில் டயர் மிதக்க வேண்டும், அதற்குத் தேவை நீளமான பாதம்.

பாதத்தை அளந்து பார்த்தோம். தோட்டத்துக் களத்து சிமென்ட் தரையில் வண்டியை நிறுத்தி, டயருக்கு முன்னும் பின்னும் தபால் அட்டையைத் தரையோடு தரையாகத் தள்ளினால் டயர் தொடும் இடத்தில் முட்டி நிற்கும். இரண்டு அட்டைக்கும் இடைவெளிதான் பாதத்தின் நீளம். சாதாரண டயர் 32இல் 17 சென்டிமீட்டர் சொச்சம். 24க்கு இறக்கினால் 20. 18க்கு இறக்கினால் 25. சைடு பிதுங்கி, வயிறு தரையை நோக்கித் தொங்கும். அகலம் அதிகம் மாறவில்லை, கூடியதெல்லாம் நீளத்தில்தான். எல்.டி. டயர் 18இலும் 21ஐத் தாண்டவில்லை. 14 வரை இறக்கிய பிறகே 25க்கு வந்தது. கட்டு அவ்வளவு விறைப்பு.

18இல் சாதாரண செட் தேரியில் போன போக்கு எனக்கே நம்ப முடியவில்லை. 4எச், இரண்டாவது கியர், ஒரே சீரான மிதி. ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, நிறுத்த வேண்டுமானால் பிரேக் போடாமல் காலை எடுத்து, இறக்கம் பார்த்து நிறுத்தினேன். பிரேக் போட்டால் முன்னால் மணல் குவிந்து, திரும்பக் கிளம்ப அதுவே மேடாக நிற்கும். தோட்டக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார். "அண்ணாச்சி, முன்னெல்லாம் உங்க வண்டிய இழுக்க டிராக்டருக்கு ஆள் அனுப்பிட்டுதான் மோட்டாரப் பத்திப் பேசுவோம்," என்றார். எல்.டி. செட்டும் 14இல் போயிற்று, ஆனால் 14 காற்றில் சட்டென்று வளைத்தால் டயரின் பீட் (ரிம்மைப் பிடிக்கும் உள்விளிம்பு) ரிம்மை விட்டுக் கழன்றுவிடும் பயம் இருக்கிறது. எங்களுக்கு அப்படி ஆகவில்லை. எல்.டி. சைடின் விறைப்பு அதில் ஒரு காவல். சாதாரண டயரை 16க்குக் கீழே நான் இறக்குவதில்லை.

கருவிகள் இங்கேதான் முக்கியம். வால்வு பின்னைக் குச்சியால் அமுக்கிக் காற்றை விட்டால் ஒரு டயருக்கே பொறுமை போய்விடும். வால்வு பின்னைக் கழற்றிக் காற்றை விட்டு, உடனே மீட்டரில் காட்டும் டிப்ளேட்டர் 1,400 ரூபாய்க்கு வாங்கினேன். ஒரு டயருக்கு அரை நிமிடம் ஆகும். திரும்ப நிரப்ப 12 வோல்ட் இரட்டை சிலிண்டர் கம்ப்ரசர், 6,200. சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகுகிற சின்ன கம்ப்ரசர் இந்த டயருக்குப் போதாது, பியூஸ் போகும். பேட்டரி முனையில் நேராகக் கிளிப் மாட்டுவதுதான் வேண்டும், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். சாதாரண செட்டை 18இல் இருந்து 32க்கு ஏற்ற ஒரு டயருக்கு மூன்று நிமிடம். எல்.டி. செட்டை 14இல் இருந்து 38க்கு ஏற்ற ஆறு நிமிடத்துக்கு மேல், நடுவில் கம்ப்ரசர் சூடாகி ஓய்வு வேறு. நாலு டயருக்கும் சேர்த்து ஒன்று டீக்குடிக்கிற நேரம், மற்றது அரை மணி. தினமும் உள்ளே போய் வெளியே வருகிறவனுக்கு இது பெரிய விஷயம். சலிப்பு வந்தால் காற்றை இறக்காமலேயே நுழைந்துவிடுவோம், அப்புறம் மண்வெட்டி எடுக்க வேண்டியதுதான்.

கரிசல் பற்றி யாரும் ஏ.டி. டயர் விளம்பரத்தை நம்ப வேண்டாம். ஐப்பசி மழை நன்றாக இறங்கிய மறுநாள் விளாத்திகுளம் பக்கம் ஒரு மக்காச்சோளக் காட்டுக்குப் போனோம். பாதை பார்க்க வெறும் ஈரமாகத்தான் இருந்தது. வண்டி நீளம் பத்து போவதற்குள் பட்டன் இடைவெளி எல்லாம் மண் அடைத்து, நாலு டயரும் வழவழவென்று உருண்டை ஆகிவிட்டன. ஒரு பட்டன்கூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. அதன் மேல் மேலும் மேலும் ஒட்டி, வீல் ஆர்ச்சுக்குள் நிரம்பி, சக்கரம் சுற்றவே திணறியது. இறங்கினால் செருப்பிலும் அதே கதை. மச்சினன் வண்டி பத்தடி கூடுதலாகப் போய் நின்றது, அவ்வளவுதான். காற்றை 20க்கு இறக்கியதும் வழுக்கல் கொஞ்சம் குறைந்தது, ஆனால் அடைந்த மண் உதிரவில்லை. பட்டன் மண்ணை உதற வேண்டுமானால் இடைவெளி அகலமாக இருக்க வேண்டும், சக்கரம் வேகமாகச் சுற்ற வேண்டும். எம்.டி. (மட் டெரெய்ன், சகதிக்கான) டயர் அதைச் செய்யும், கரிசலில் அதுவும் பாதிதான். கரிசல் ஆழமான மண். மேலே சகதியாக இருந்தாலும் கீழே கெட்டித் தரை கிடைக்கும் என்று வெட்டிக்கொண்டு போக முடியாது.

மூங்கில் சிம்பால் ஒவ்வொரு பட்டன் இடைவெளியாகத் தோண்டி எடுத்தோம். இரும்புக் கம்பியை விட மூங்கில் நல்லது, ரப்பரைக் கிழிக்காது, மண்ணும் அதில் அவ்வளவாக ஒட்டாது. காட்டுக்காரர் சொன்னபடி வண்டியைப் பாதையை விட்டு, புல் முளைத்த பொழி (வரப்பு) ஓரமாக ஏற்றினோம். புல்வேர் பிடித்திருக்கும் இடத்தில் இரண்டு செட்டும் தடுமாற்றம் இல்லாமல் வந்தன. அதற்குப் பிறகு மழை பெய்தால் போன் போட்டு, "மேல்மண் காஞ்சிருச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் கிளம்புகிறேன். வெயில் நன்றாக அடித்தால் அதே பாதை தார் மாதிரி இறுகிவிடும், எந்த டயரும் போகும்.

முள்ளில் எல்.டி. செட் தெளிவாக ஜெயித்தது. சீமைக்கருவேல் முள் டயரில் ஏறினால் உடனே காற்று இறங்காது. பட்டன் இடைவெளியில் குத்தி, முனை உள்ளே ஒடிந்து, சில நாள் கழித்து மெல்லக் கசியும். ஒரு தடவை என் செட்டில் மெதுக்கசிவு என்று கழற்றியதில், உள்சுவரில் கை தடவினால் ரம்ப முனை போலக் குத்தியது. டார்ச் அடித்துப் பார்த்தால் ஒரே டயரில் வரிசையாக முள் முனைகள், கருத்து, அரிசிப் பருமனில். இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடுங்கி, உள்பக்கமிருந்து காளான் வடிவ ரப்பர் வைத்துப் பஞ்சர் போட்டார்கள், ஒன்றுக்கு 350 ரூபாய். வெளியில் இருந்து திரி செருகும் பஞ்சர் அந்த இடத்தில் சமாளிப்புதான், முள் முனை உள்ளேயே இருந்தால் திரியையும் அரித்துவிடும். மச்சினன் டயரை அதே பாதையில் ஓட்டியதில் ஏறிய முட்கள் பாதிக்கு மேல் ரப்பர் கனத்திலேயே நின்றுவிட்டன, கசிவு அபூர்வம். சரளையிலும் அப்படித்தான். காற்றாலைப் பாதையில் என் செட் ஓடியபோது உடைகல் விளிம்பு ஒரு டயரின் சைடைக் கட்டைவிரல் நீளம் கீறி நூல் தெரிந்தது. சைடில் நூல் தெரிந்தால் பஞ்சர் கிடையாது, டயரை மாற்றுவது ஒன்றே வழி. 11,800 போனது. எல்.டி. டயரின் சைடில் அதே கல் வெறும் கோடு போட்டுவிட்டுப் போயிருந்தது.

கடைசியில் எல்.டி. செட் மச்சினன் வண்டியிலேயே நின்றது, கனமும் கல்லும் முள்ளும் அவனுக்குத்தான். ரோட்டுத் தூரம் அவனுக்குக் குறைவு, கயத்தாறில் இருந்து பத்திருபது கிலோமீட்டருக்குள் எல்லாக் காற்றாலையும் முடிந்துவிடும். சாதாரண ஏ.டி. எனக்கு. "அத்தான், உங்களுக்கு நானே எல்.டி. வாங்கச் சொல்லிருப்பேன், நல்லவேளை கேக்கல," என்று அவனே சொன்னான்.

தேய்மானத்தை ஆழமானியால் அளந்து வருகிறேன். புதிதில் என்னுடையது 10.5 மில்லிமீட்டர், அவனுடையது 12. 1.6க்கு வந்தால் சட்டப்படி டயர் முடிந்தது, இடைவெளிக்குள் சின்ன மேடாக அடையாளம் வைத்திருப்பார்கள். ஏ.டி. டயரை நான் 4க்கு மேல் மிச்சம் இருக்கும்போதே மாற்றிவிடுவேன், ஈரத்தில் அதற்குக் கீழே நம்பிக்கை இல்லை. பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை இடம் மாற்றுகிறோம்: பின் இரண்டும் நேராக முன்னுக்கு, முன் இரண்டும் குறுக்காகப் பின்னுக்கு. ஸ்டெப்னியைப் பின் வலதில் போட்டு, அங்கே வரவேண்டியது பின்கதவில் ஸ்டெப்னி இடத்துக்குப் போகும். ஐந்தும் ஒன்றாகத் தேயும், அந்த ரீங்காரமும் தள்ளிப்போகும்.

அடுத்த முறை செய்யப்போகிற மாற்றங்கள் கொஞ்சம். டயருக்கு முன்னால் கம்ப்ரசரையும் டிப்ளேட்டரையும் வாங்குவேன். 7,600 ரூபாயில் பழைய ரோட்டு டயரே தேரியில் பாதி வேலை செய்திருக்கும், டயர் வாங்கும் அவசரமும் இருந்திருக்காது. இந்த அளவில் லோடு ரேஞ்ச் சி எல்.டி. கிடைத்தால் அதைப் பார்ப்பேன். 50 பி.எஸ்.ஐ. உச்சம் உள்ள கட்டு அது, ஈ அளவுக்குக் கனமோ விறைப்போ இருக்காது, சைடு மட்டும் சாதாரணத்தை விட உரம். 265/75க்கு ஏறச் சொல்லிக் கடையில் ஆசை காட்டினார்கள். விட்டம் 774இல் இருந்து 804 மில்லிமீட்டர் ஆகும், கிட்டத்தட்ட 4 சதவீதம். மீட்டர் நூறு காட்டினால் நிஜத்தில் நூற்று நாலு போவோம், கனமும் கூடும். வேண்டாம் என்று விட்டது சரிதான்.

மீட்டர் பற்றி ஒன்று. டிப்ளேட்டர் மீட்டரும் பங்க் மீட்டரும் 2 பி.எஸ்.ஐ. வித்தியாசம் காட்டுகின்றன. எது சரி என்று தெரிய ஒரு நல்ல டயல் கேஜ் வாங்கி மூன்றையும் ஒரே டயரில் வைத்துப் பார்த்தேன், பங்க் மீட்டர்தான் கூட்டிக் காட்டியது. 18க்கு இறக்குகிற இடத்தில் 2 என்பது பெரிய பிழை. அந்த டயல் கேஜை இப்போது கருவிப்பெட்டியில் துணி சுற்றித் தனியாக வைத்திருக்கிறேன், மச்சினன் ஒன்று அதே மாதிரி கேட்டிருக்கிறான்.